31 கிழமையில பிறந்த பிள்ளை, மனிசிக்குப் பால் காணாது. மைண்ட்புல்னஸ் செய்யச் சொல்லுறாங்க, உதவுமா?

படுவான்கரைத்தம்பி:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க வவுணதீவுப் பக்கம். எங்கட முதல் பிள்ளை 31 கிழமையில பிறந்திட்டா, நிறை 1.4 கிலோ. மூச்சுக்கு வச்ச மெசினைக் கழட்டியாச்சு, இப்ப குழாயால பால் போகுது. மனிசிக்கு டிக்கட் வெட்டி வீட்ட விட்டாச்சு, பிள்ளை இன்னும் குறைமாதப் பிள்ளைகளை வச்சுப் பாக்கிற பேபி ரூமிலதான். தாய்மார் தங்கிற அறையில கட்டில் கிடைக்கிற வரைக்கும் வீட்ட இருந்து வந்து போறம்.

பால் எடுக்கிறா. போத்தலின்ட அடி மறையிற அளவுதான் வருது. போன கிழமை தாய்மாரைச் சேர்த்து வகுப்பு மாதிரி ஒண்டு வச்சு, மைண்ட்புல்னஸ் எண்டு சொல்லி, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னாங்களாம். வீட்ட வந்து ஒரே அழுகை. "பிள்ளை மூச்செடுக்க மறந்து போகுது, மெசின் கத்துது, நான் என்ட மூச்சைப் பாத்துக்கொண்டிரிக்கிறதா?" எண்டு கேக்கிறா. எனக்குப் பதில் தெரியல.

எங்கட அம்மா ஒரு பக்கம், "யோசிச்சா பால் வத்திப் போயிடும், யோசிக்காத" எண்டு விடிஞ்சதில இருந்து படுக்கிற வரைக்கும் சொல்றா. யோசிக்காம எப்படி இரிக்கிற?

உண்மையில மனசுக்கும் பாலுக்கும் தொடர்பு இரிக்கா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழையமிஸ்ஸி:

தம்பி, முதல்ல மகள் பிறந்ததுக்கு வாழ்த்து. ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டாங்க. குறைமாதப் பிள்ளை எண்டா துக்கம் விசாரிக்க வாற முகத்தோடதான் சனம் வரும்.

நான் கனகாலம் பேபி ரூமில தாதியா வேலை செய்து ஓய்வெடுத்தவ. மனசைப் பற்றிப் பறைய முதல் கையைப் பற்றிப் பறைவம். நாளைக்கு எத்தனை தரம் எடுக்கிறா? இரவில எடுக்கிறாவா? பால் காணாது எண்டு வந்த தாய்மாரில கனபேருக்கு இந்த ரெண்டு கேள்வியிலயே விசயம் பிடிபட்டிடும். 24 மணித்தியாலத்துக்கு 8 தரமாவது மார்பு காலியாகணும், 10 எண்டா இன்னும் நல்லம். இரவில ஒரு தரமாவது கட்டாயம். பாலைச் சுரக்க வைக்கிற புரோலக்டின் இரவிலதான் கூட. முழுமாதப் பிள்ளை தானே அழுது தாயை எழுப்பும். உங்கட மகளுக்கு அந்தப் பலம் இல்லை, அலாரம்தான் எழுப்பணும்.

கையால எடுக்கிற முறையையும் ஒருக்காப் பாருங்க. பெருவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் எதிர்ப்பக்கம், காம்பில இருந்து ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் பின்னுக்கு. முதல்ல நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி, விடணும். தோலில உரசி இழுத்தா நோவுதான் மிச்சம். பம்ப் பாவிச்சாலும் கடைசியில கையால ஒருக்கா எடுத்துப் பாருங்க, பம்ப் விட்டது வரும்.

மற்றது, நேரத்துக்கு முந்திப் பிறந்து ஒப்பரேசனும் செய்திருந்தா பால் இறங்கச் சில நாள் பிந்தும். அதுக்கும் அவ யோசிக்கிறதுக்கும் சம்பந்தமில்லை எண்டு உங்கட அம்மாட்டச் சொல்லுங்க. பேபி ரூமிலயும் கேளுங்க, மகளுக்கு இப்ப ஒரு நேரத்துக்கு எத்தனை மில்லி போகுது எண்டு. அந்த எண்ணிக்கையைக் கேட்டா போத்தலின்ட அடி அவ்வளவு வெறுமையாத் தெரியாது.

படுவான்கரைத்தம்பி:

நன்றி மிஸ்ஸி. பகலில அஞ்சு ஆறு தரம். இரவில எடுக்கிறதில்லை. உடம்பு தேறட்டும், படுக்க விடு எண்டு அம்மா சொன்னா.

பழையமிஸ்ஸி:

அம்மா நல்லதுக்குத்தான் சொல்றா. ஆனா இப்ப அதை மாத்தணும். படுக்க விடுறதுக்கு வேற வழி இரிக்கு: போத்தல், பம்ப் கழுவி அவிக்கிற வேலை முழுதையும் நீங்க எடுங்க. இரவில அவ எழும்பி எடுத்து வச்சிட்டுக் கிறுகிப் படுக்கட்டும், மிச்சம் உங்கட பாடு.

சாய்ந்தமருதுஉம்மா:

தம்பி, எனக்கு இரட்டைப் புள்ளைகள், 33 கிழமை. இப்ப ரெண்டும் ஸ்கூல் போகுதுகள், அல்ஹம்துலில்லாஹ். அந்த நேரம் இந்த மைண்ட்புல்னஸ் எல்லாம் ஒருத்தரும் செல்லல்ல. நான் பால் எடுக்கக்குள்ள திக்ர் செல்லுவன். ஒரு சுப்ஹானல்லாஹ்வுக்கு ஒரு அமத்து. கொஞ்ச நேரத்தில கை தானா ஒரு ஓட்டத்துக்கு வந்திடும், மனசும் மெசின் சத்தத்தில இருந்து எடுபடும். உங்கட மனிசிக்குத் தேவாரம் தெரிஞ்சா தேவாரம், மாமாங்கேஸ்வரர் பேர் செல்லி வந்தா அது. கண்ணை மூடித்தான் செய்யணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல.

கல்லடிப்பாலம்:

நான் உளவியல் படித்தவன், பால் கொடுத்த அனுபவம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த இழையில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பால் சுரப்பது ஒன்று, சுரந்த பால் இறங்கி வெளியே வருவது இன்னொன்று. சுரப்புக்கு புரோலக்டின், இறக்கத்துக்கு ஒக்சிடோசின். பயம், வலி, திடீர்ச் சத்தம் எல்லாம் முதலில் அடிப்பது இறக்கத்தைத்தான். நியூட்டன் என்ற தம்பதி 1948 இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. மனைவிதான் பால் கொடுத்த தாய். பால் கொடுக்கும்போது பனிக்கட்டித் தண்ணீரில் காலை வைப்பது, கால்விரலை இழுப்பது, கணக்குக் கேட்பது என்று தொந்தரவு கொடுத்தார்கள். குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. அதே தொந்தரவோடு ஒக்சிடோசின் ஊசி போட்டபோது பால் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்தது. அதாவது பால் உள்ளேதான் இருந்தது. ஆகவே "யோசிச்சா பால் வத்தும்" என்பது அப்படியே சரியில்லை. வற்றுவதில்லை, வரத் தயங்குகிறது. ஆனால் நாள்கணக்கில் மார்பு காலியாகாமல் விட்டால் உடம்பு சுரப்பையும் குறைத்துக்கொள்ளும். மிஸ்ஸி ஏன் முதலில் எண்ணிக்கையைக் கேட்டார் என்பது அதனால்தான்.

குறைமாதக் குழந்தைகளின் தாய்மாரை வைத்தே செய்த ஆய்வு ஒன்று 1989 இல் வந்தது. உடலைத் தளர்த்தும் பயிற்சியும் மனக்காட்சியும் அடங்கிய ஒரு கசெட்டைக் கேட்ட தாய்மார், கேட்காதவர்களைவிட ஒரு தடவையில் 63 சதவீதம் கூடுதலாகப் பால் எடுத்தார்கள். இணையத்தில் பலர் இதை மைண்ட்புல்னஸ் ஆய்வு என்று போட்டுவிடுகிறார்கள். அது தவறு. அது உடலையும் மனதையும் தளர்த்தும் பயிற்சி. ஜோன் கபட்-சின் 1979 இல் மசாசூசெட்ஸில் தொடங்கிய மைண்ட்புல்னஸ் பயிற்சி, மருந்தால் தீராத நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்காக உருவானது. அங்கே யாரும் அமைதியாகு என்று சொல்வதில்லை. வலி இருக்கிறது, பயம் இருக்கிறது, அதோடு சண்டை போடாமல் இப்போது என்ன நடக்கிறது என்று பார் என்பார்கள். உங்கள் மனைவிக்குச் சொன்னவர் எதைச் சொன்னார் என்று தெரியாது. "அமைதியாக இரு, பால் வரும்" என்று சொல்லியிருந்தால், மைண்ட்புல்னஸ் என்ற பெயரில் உங்கள் அம்மாவின் வசனத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஊர்ப்பெரியம்மா:

ஆய்வு எல்லாம் இரிக்கட்டும் மனெ. தாய்க்குச் சாப்பாடு என்ன குடுக்கிறீங்க? பால்சுறா வறை, முருங்கையிலைச் சுண்டல், உள்ளி போட்ட பத்தியக் கறி. எங்கட காலத்தில ஆரு மூச்சை எண்ணின? மூக்கு முட்டச் சாப்பிட்டு ஏழெட்டுப் புள்ளைக்குப் பால் குடுத்த நாங்க.

காரைதீவுக்கடல்:

பெரியம்மா, உங்கட ஏழெட்டுப் பிள்ளையும் பிறந்த உடனே மார்பில சப்பினதுகள். பேபி ரூமில கிடக்கிற பிள்ளையின்ட தாய்க்கு அந்தச் சப்பலே இல்லை. சுறா வறை நல்லம்தான், ஆனா அது கட்டுப்பெட்டியில வந்து நிக்கக்குள்ள, "சாப்பிட்டும் பால் வரல்லயா?" எண்டு ஒரு கேள்வியும் அதோட வரும். எனக்கு அந்தக் கேள்விதான் தொண்டையில நிண்டது.

ஊர்ப்பெரியம்மா:

அதுவும் சரிதான் கா. கேள்வி கேளாமச் சாப்பாடு குடுப்பம். பசியோட இருந்து பால் எடுக்கிற தாயையும் நான் கண்டிரிக்கன், அதால சொன்ன நான்.

(இங்கே இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. பால்மா வகை ஒன்றின் பெயரும் கடை இலக்கமும் போட்டு "கஷ்டப்பட வேண்டாம்" என்று எழுதப்பட்டிருந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாவை விளம்பரம் செய்வதற்கு எதிரான நடத்தைக்கோவை இலங்கையில் 1983 முதல் இருக்கிறது. இங்கேயும் அதுதான் விதி. – மட்டுறுத்துனர்)

படுவான்கரைத்தம்பி:

அதை நான் நீக்க முதல் பாத்திட்டன். பிழையா எடுக்காதீங்க, உண்மையிலயே கேக்கிறன்: பால்மா குடுத்தா என்ன?

பழையமிஸ்ஸி:

தாய்ப்பால் காணாத இடத்தில டொக்டர் எழுதிக் குடுத்தா அது மருந்து மாதிரி, குடுக்கத்தான் வேணும். அதில ஒரு தாயும் வெக்கப்படத் தேவையில்லை. ஆனா குறைமாதப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு பாடுபடுறம் எண்டா, குடல் அழுகிற வருத்தம் ஒண்டு இரிக்கு. 1990 இல பிரித்தானியாவில வந்த ஒரு பெரிய ஆய்வில, தாய்ப்பால் மட்டும் குடிச்ச குறைமாதப் பிள்ளைகளை விட, பால்மா மட்டும் குடிச்ச பிள்ளைகளுக்கு அது 6 முதல் 10 மடங்கு வரை கூட வந்தது. அதால சொட்டுச் சொட்டா வந்தாலும் கொண்டு வாங்க எண்டு நாங்க கெஞ்சிற. முதல் நாள்களில வாற சீம்பாலைப் பஞ்சில தொட்டு கன்னத்து உள்பக்கம் பூசுவம். குடிக்க ஏலாத பிள்ளைக்கும் அது போய்ச் சேரும்.

காரைதீவுக்கடல்:

மூச்சு விசயத்துக்கு வாறன். தம்பியின்ட மனிசிக்கு வந்தது எனக்கும் வந்தது. அதோட எனக்கு இன்னொண்டு. 2004 சுனாமியில கடல் வரக்குள்ள நான் சின்னப் பிள்ளை. கண்ணை மூடி மூச்சைப் பாத்தா நெஞ்சடைக்கும், தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி. எனக்குச் சொல்லித் தந்த கவுன்சிலிங் அக்கா அதைக் கேட்ட உடனே முறையை மாத்தினா. எங்கட கரையில இப்படி எத்தனை பேர் இரிக்கம் எண்டு யோசிக்க வேண்டாமா? எல்லாருக்கும் ஒரே கசெட்டைப் போட்டா சிலபேருக்கு அது கேடு.

நான் செய்த விதத்தைச் சொல்றன். கண் திறந்தபடிதான். கதிரையில குந்தி, ரெண்டு உள்ளங்காலும் சீமெந்துத் தரையில. குளிரைப் பாக்கிறது, குதி எங்க முட்டுது, விரல் எங்க முட்டுது எண்டு. மறுகா தோள். பால் எடுக்கக்குள்ள தோள் காதுக்குக் கிட்டப் போயிருக்கும், அதைக் கண்டா இறக்கிறது, அவ்வளவுதான். பிறகு இளஞ்சூட்டுத் துணியை மார்பில வச்சு அந்தச் சூட்டைப் பாக்கிறது. மறுகா கை. அமத்தக்குள்ள கைக்கு என்ன தெரியுது, விடக்குள்ள என்ன தெரியுது.

இடையில நினைப்பு வரும். "இண்டைக்கு நிறை குறைஞ்சிருக்குமோ", "ஏன் வயித்தில வச்சிருக்க ஏலாமப் போச்சு." வரட்டும். "பயம் வருது" எண்டு மனசுக்குள்ள ஒருக்காச் சொல்லிட்டு, திரும்பக் கைக்கு வாறது. பயத்தைத் துரத்த வேணாம் எண்டு அக்கா சொன்னதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். அதுவரைக்கும் எல்லாரும் துரத்தத்தான் சொன்ன.

இன்னொரு விசயம், சிரிக்காதீங்க. போத்தலுக்கு ஒரு சொக்ஸ் மாட்டுங்க. அளவுக்கோடு தெரியாது. கோட்டைப் பாத்துப் பாத்து எடுத்தா, ஒவ்வொரு சொட்டுக்கும் பரீட்சை றிசல்ட் பாக்கிற மாதிரி இரிக்கும். எடுத்து முடிச்சு கழட்டக்குள்ள பாத்தாக் காணும்.

படுவான்கரைத்தம்பி:

சொக்ஸ் மாட்டியாச்சு, என்ட ஸ்கூல் காலத்து வெள்ளைச் சொக்ஸ். மனிசி சிரிச்சா. இரவிலயும் எடுக்கத் தொடங்கியிட்டா. மூச்சு வேணாம், கால் தரையில எண்டதுக்குச் சரி எண்டா.

ஆனா ஒண்டு கேக்கணும். வீட்ட பிரிஜ் கீச்சிட்டாலும் திடுக்கிட்டு எழும்புறா, மொனிட்டர் எண்டு நினைச்சு. இது சரியாகுமா? மற்றது, எடுத்த பாலை வவுணதீவில இருந்து மோட்டார் சைக்கிளில கொண்டு போறன். எவ்வளவு நேரம் பழுதாகாம இரிக்கும்?

பழையமிஸ்ஸி:

பாலை முதல் சொல்றன். எடுத்த உடனே பிரிஜ்ஜில, கதவுத் தட்டில இல்லை, உள்ளுக்குப் பின் பக்கம். புத்தகத்தில 25 பாகை வெப்பத்தில 4 மணித்தியாலம் வெளியில வைக்கலாம் எண்டிரிக்கும். மட்டக்களப்பு வெயிலுக்கு அந்தக் கணக்கை நம்ப வேணாம். பிரிஜ்ஜில 4 நாள் எண்டு சொல்றதும் சுகமான முழுமாதப் பிள்ளைக்கு. உங்கட மகளுக்கு பேபி ரூம் சொல்ற கணக்கு எதுவோ அதுதான். கொண்டு போகக்குள்ள ரெஜிபோம் பெட்டி, சுத்தமான பையில கட்டின ஐஸ். வாடியில வாங்கின மீன் ஐஸைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் வந்து நிண்டவர், அதால சொல்லி வைக்கிறன். போத்தலில தாயின்ட பேர், வார்ட் டிக்கட்டில இரிக்கிற பி.எச்.டி நம்பர், எடுத்த திகதி, நேரம். பேர் இல்லாத பாலை மிஸ்ஸிமார் ஊத்திப் போடுவாங்க, ஏசக் கூடாது.

மொனிட்டர் சத்தம் காதுக்குள்ள நிக்கிறது பேபி ரூம் தாய்மாருக்கு வழமையா வாறது. கட்டிலுக்குப் பக்கத்தில நிக்கிற மிஸ்ஸியிட்ட ஒவ்வொரு சத்தமும் என்ன எண்டு கேக்கச் சொல்லுங்க. கனக்கத் தரம் வயர் கழண்டதுக்குத்தான் கத்தும். 34 கிழமைக்கு முந்திப் பிறந்த பிள்ளைகளில கனபேர் மூச்சை இடைக்கிட நிப்பாட்டுங்கள், மூளை முதிர முதிர அது நிண்டு போகும். இதைத் தெரிஞ்சவ கொஞ்சம் குறைவாத் திடுக்கிடுவா.

சாய்ந்தமருதுஉம்மா:

புள்ளையை நெஞ்சோட வச்சுக் கட்டுற கங்காரு முறை தொடங்கியாச்சா தம்பி? அதை ஒருத்தரும் இன்னும் செல்லல்லயே.

படுவான்கரைத்தம்பி:

நேத்துத்தான் சொன்னாங்க. பயமா இரிக்கு எண்டு பின்னுக்கு நிக்கிறா.

பழையமிஸ்ஸி:

பயப்படட்டும், ஆனா செய்யட்டும். 1978 இல கொலம்பியாவின்ட பொகோட்டா நகரில இன்கியுபேட்டர் காணாம ஒரு டொக்டர் தொடங்கின முறை. இப்ப உலக சுகாதார நிறுவனம், குறைமாதமா, நிறை குறைவாப் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரைக்கும் செய்யச் சொல்லுது, 2022 இல வந்த வழிகாட்டல். நப்கினும் தொப்பியும் மட்டும் போட்ட பிள்ளையைத் தாயின்ட நெஞ்சுக்கு நடுவில நிமித்தி வச்சு, துணியால கட்டுவாங்க. குழாயோட, மொனிட்டர் வயரோடயே செய்யலாம். பிள்ளையின்ட சூடும் மூச்சும் சீராகும். பாலும் அதுக்குப் பிறகு எடுத்தாத்தான் நல்லா இறங்கும், நான் கண்டது.

தம்பி, நீங்களும் வைக்கலாம். சேட் பொத்தானைக் கழட்டிட்டு வாங்க. தகப்பன்மார் வெக்கத்தில வெளியில பெஞ்சில இரிக்கிறதைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு.

காரைதீவுக்கடல்:

கண்ணை மூடி மூச்சைப் பாக்க ஏலாத எனக்கு, நெஞ்சில கிடந்த பிள்ளையின்ட மூச்சைப் பாக்க ஏலுமா இருந்தது. சின்ன முதுகு ஏறி இறங்கும். தம்பியின்ட மனிசி கேட்ட கேள்விக்கு என்ட பதில் அதுதான், உங்கட மூச்சை விடுங்க, அவட மூச்சைப் பாருங்க.

சாய்ந்தமருதுஉம்மா:

ஒண்டு கேக்கணும் மிஸ்ஸி. என்ட மச்சாள்ட புள்ளைக்கும் இப்ப இதே நிலை. பக்கத்துக் கட்டில் தாய்க்குப் பால் மிச்சம், எடுத்துக் குடுக்கட்டா எண்டு கேக்கிறாவாம். எங்களில பால்குடி உறவு வந்திடும், நாளைக்கு அந்த ரெண்டு புள்ளைகளும் கலியாணம் செய்ய ஏலாது எண்டு மாமி வேணாம் எண்டுறா.

பழையமிஸ்ஸி:

மார்க்க விசயத்தை ஆலிமிட்டத்தான் கேக்கணும் ராத்தா. ஷாபிஈ மத்ஹப் எண்ட மார்க்கச் சட்ட வழியில அஞ்சு தரம் குடிச்சாத்தான் அந்த உறவு எண்டு ஒரு கணக்குச் சொல்லுவாங்க, குழாயால போற பாலுக்கு அது எப்படி எண்டதையும் அவரிட்டயே கேளுங்க. மருத்துவப் பக்கம் நான் சொல்றது: கட்டிலுக்குக் கட்டில் பச்சையாப் பால் மாத்தக் கூடாது. மருந்து, கிருமி எல்லாம் பாலோட போகும். பிறத்தியார் பால் எண்டா பரிசோதிச்சு, பாஸ்டராக்கம் செய்த பிறகுதான். குடுக்க நினைச்ச அந்தத் தாயின்ட மனசு பெரிசு, அதையும் சொல்லுங்க.

கல்லடிப்பாலம்:

ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போகிறேன். சாதாரணக் கவலைக்குக் காலைத் தரையில் வைப்பது போதும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கமே இல்லை, பிள்ளையைப் பார்க்கவே போக மனமில்லை, நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது என்ற பேச்சு வருகிறது என்றால், அதற்கு மைண்ட்புல்னஸ் பரிகாரமல்ல. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமோ வார்ட் டொக்டரிடமோ சொல்லுங்கள். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் உள்ள சின்னப் படிவம் உண்டு, அதை நிரப்பினாலே நிலை ஓரளவு தெரியும். சாகிற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். தகப்பன்மாருக்கும் இது வரும் தம்பி, உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுவான்கரைத்தம்பி:

எல்லாருக்கும் நன்றி. தாய்மார் அறையில கட்டில் கிடைச்சிட்டுது. மனிசி அங்கதான் இப்ப, கங்காருவும் தொடங்கியாச்சு. என்ட முறை பின்னேரத்தில. பால் கூடியிருக்கு, எவ்வளவு எண்டு நான் கேக்கிறதில்லை. அம்மாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன், அதுக்குப் பிறகு யோசிக்காத எண்ட பேச்சைக் காணல்ல.

கடைசியா ஒரு கேள்வி மிஸ்ஸி. நேரடியா மார்பில எப்ப போடலாம்? வாடகைக்கு எடுத்த பம்பைத் திருப்பிக் குடுக்கிற திகதியும் வருது.

பழையமிஸ்ஸி:

சப்பி, விழுங்கி, மூச்செடுக்கிற மூண்டையும் சேத்துச் செய்யிறது கர்ப்பக் கணக்கில 34 கிழமையளவிலதான் பிள்ளைக்குப் பிடிபடும். அதுக்கு முதலே பழக்கலாம். பால் எடுத்து முடிச்ச மார்பில போட்டு, நக்கட்டும், மணக்கட்டும். குழாயால பால் போற நேரத்தில போட்டா, சப்பினா வயிறு நிறையும் எண்டு அதுக்கு விளங்கும். முதல்ல ரெண்டு சப்பல் சப்பிட்டு நித்திரையாகிடுவா, அதுவும் குடிதான். மிச்சத்தைக் குழாயால இல்லாட்டிக் கோப்பையால குடுப்பாங்க. சூப்பிப் போத்தலை வார்ட்டில கேளாம வாங்கிக்கொண்டு போக வேணாம்.

பம்பை இப்ப குடுக்க வேணாம். வீட்ட வந்த பிறகும் சில கிழமைக்கு, பிள்ளை குடிச்சு முடிய மிச்சத்தை எடுக்கணும். களைச்சுப் போய் விடுற பாலை எடுக்காட்டி சுரப்புக் குறையும். கடைக்காரரிட்ட மாதக் கணக்குக்கு ஒரு விலை பேசுங்க, அவங்க குறைப்பாங்க.